மாசக் கடைசியில் பணம் எங்கே போகிறது? வீட்டுச் செலவும் சேமிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதி வருகிறேன். அது தெரிந்து, கூட வேலை பார்ப்பவர்கள், புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கிய சொந்தக்காரப் பிள்ளைகள் என்று பலரும் வந்து கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் நிதி ஆலோசகர் இல்லை. முதலீடு பற்றி இதில் எதுவும் கிடையாது. வருகிற பணத்துக்குள் குடும்பம் நடத்துவது, அதில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது, இவ்வளவுதான் விஷயம்.

சம்பளம் மோசமில்லை, ஆடம்பரமும் கிடையாது. ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என்ன காரணம்?

நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் காரணம் ஒன்றுதான். நாம் மாசக் கணக்கில் யோசிக்கிறோம். செலவோ வருஷக் கணக்கில் வருகிறது.

வாடகை, மளிகை, மின்சாரம், போன், போக்குவரத்து, இவை மாதாமாதம் வருவதால் மனசில் நிற்கின்றன. "இவ்வளவுதானே செலவு, மீதி இருக்க வேண்டுமே" என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் காப்பீட்டுப் பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வண்டிக்கு டயர், கண்ணாடி மாற்றுவது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அன்பளிப்பு, ஊருக்குப் போய்வரும் பயணம், திடீரென்று நின்றுபோன வாஷிங் மெஷின், இவையெல்லாம் வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருகின்றன. ஒவ்வொன்று வரும்போதும் "இந்த மாசம் மட்டும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா" என்று சொல்லிக்கொள்கிறோம். பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள், அந்த எக்ஸ்ட்ரா இல்லாத மாசம் ஒன்றுகூடத் தேறாது.

எனக்கு இது புரிந்தது ஒரு மோசமான மாசத்தில். பிரீமியம், பள்ளிக் கட்டணம், காருக்கு இரண்டு டயர், மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. கைமாற்று வாங்கித்தான் சமாளித்தேன். அன்று ராத்திரி நோட்டில் "எதிர்பாராத செலவு" என்று தலைப்புப் போட்டு மூன்றையும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றுகூட எதிர்பாராதது இல்லை. பிரீமியம் கட்ட வேண்டிய தேதி பத்திரத்திலேயே அச்சாகியிருந்தது. பள்ளி ஒவ்வொரு வருஷமும் அதே மாசம்தான் திறக்கிறது. டயர் தேய்ந்துவிட்டது என்று முந்தின சர்வீஸிலேயே மெக்கானிக் விரலை வைத்துக் காட்டியிருந்தார். தலைப்பை அடித்துவிட்டு "வரும் என்று தெரிந்தும் எடுத்து வைக்காதது" என்று மாற்றி எழுதினேன். அந்தத் தலைப்புதான் இன்றுவரை என் நோட்டில் இருக்கிறது.

அந்த வருஷச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு நோட்டில் அகலவாட்டில் ஒரு பக்கம் போதும். இடது ஓரம் செலவின் பெயர், மேலே பன்னிரண்டு மாசம். வங்கிக் கணக்கின் கடந்த 12 மாச அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் வராத ஒவ்வொரு செலவையும் அது வந்த மாசத்துக்கு நேராக எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தவை அறிக்கையில் இருக்காது. வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுத வேண்டும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பிடிக்கும். பென்சிலில் எழுதுங்கள், நிச்சயம் திருத்துவீர்கள்.

ஓர் உதாரணம். மாச வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வருஷம் முழுவதற்கும் காப்பீடு 60, பள்ளிக் கட்டணம் 90, வண்டி 30, பயணம் 36, அன்பளிப்பு 24, ரிப்பேர் மற்றும் பொருள் மாற்றுவது 36, கண், பல் போன்ற மருத்துவம் 12. கூட்டினால் 288. பன்னிரண்டால் வகுத்தால் மாசத்துக்கு 24. அதாவது மாசம் 100 வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் செலவுக்குக் கிடைப்பது 76. அந்த 24 அவருடைய கையில் இருந்தாலும் ஏற்கெனவே வேறு யாருக்கோ பேசி முடித்த பணம். அதைத் தொட்டுத்தான் ஒவ்வொரு மாசமும் செலவழித்திருக்கிறார். அது தேவைப்பட்ட மாசத்தில் கடன் வாங்கியிருக்கிறார்.

அந்த 24ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அன்றாடச் செலவுக்கு இருக்கும் கணக்கிலேயே விட்டால் நிற்காது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

பொருள் மாற்றும் செலவை எப்படி எழுதுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். பொருளின் விலையை அது உழைக்கும் வருஷங்களால் வகுத்துவிடுங்கள். ஐந்து வருஷம் தாங்கும் பொருள் என்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வருஷச் செலவு. போனுக்கும் இதையே செய்யுங்கள். புதிதாக ஒன்று வாங்கும் ஆசை வரும்போது, இந்தப் பழையதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டினால் அந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

முதல் வருஷத்தில் ஒரு சங்கடம் உண்டு. இப்போது ஆரம்பிக்கிறீர்கள், இரண்டு மாசத்தில் ஒரு பெரிய கட்டணம் வருகிறது என்றால், பன்னிரண்டில் இரண்டு பங்குதான் சேர்ந்திருக்கும். அதனால் முதல் சுற்றில் மட்டும் பன்னிரண்டால் வகுக்காமல், அந்தச் செலவு வருவதற்கு எத்தனை மாசம் பாக்கியோ அதால் வகுங்கள். சுமை கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் சமனாகிவிடும்.

தினமும் பைசா விடாமல் எழுத வேண்டுமா?

ஆயுள் முழுக்க வேண்டாம். இரண்டு மூன்று மாசம் கட்டாயம் எழுதுங்கள். அதற்குமேல் எந்த இடத்தில் ஒழுகுகிறதோ அந்தச் செலவை மட்டும் எழுதினால் போதும்.

வீட்டுக் கணக்கு நோட்டுக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவரான ஹானி மோட்டோகோ 1904இல் குடும்பங்களுக்கென்று ஒரு கணக்கு நோட்டை வெளியிட்டார். "காக்கேய்போ" என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று அதைப் பின்பற்றுகிறவர்கள் செலவைத் தேவை, விருப்பம், படிப்பும் பண்பாடும், திடீர்ச் செலவு என்று நான்காகப் பிரித்துக் கையால் எழுதுகிறார்கள். கையால் எழுதுவதை நானும் சிபாரிசு செய்வேன். செயலி தானாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்போது நாம் அதைப் பார்ப்பதே இல்லை. எழுதும் விரல் ஒரு விநாடி நிற்கும், "இது எதற்கு வாங்கினோம்?" என்று கேட்டுக்கொள்ளும்.

அன்றைய செலவை அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். மூன்று நாள் தள்ளிப்போட்டால் "சில்லறைச் செலவு" என்று ஒரு வரி முளைக்கும். அந்த வரிக்குள்தான் எல்லாம் ஒளிந்திருக்கும்.

50-30-20 விதி எனக்குப் பொருந்துமா?

கையில் வரும் வருமானத்தில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 விருப்பங்களுக்கு, 20 சேமிப்புக்கும் கடன் அடைப்பதற்கும் என்று பிரிக்கும் விதி இது. அமெரிக்காவில் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமேலியா வாரன் தியாகியும் 2005இல் இதைப் பிரபலப்படுத்தினார்கள். ஒரு பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு சட்டை பொருந்தாது. எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857இலேயே கண்டு சொன்னது இது: குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். குறைந்த சம்பளக்காரருக்குத் தேவைகளே 80 சதவீதத்தைத் தின்றுவிடும். அவர் இந்த விதியைப் படித்துவிட்டுத் தன்னைத் தானே நொந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது. உங்களால் 3 சதவீதம்தான் சேமிக்க முடியும் என்றால் 3இல் தொடங்குங்கள்.

செலவு போக மிச்சத்தைச் சேமிக்கலாமா, முதலிலேயே எடுத்து வைக்க வேண்டுமா?

முதலிலேயே. மிச்சம் என்று ஒன்று தானாக மிஞ்சுவதில்லை.

இப்போது முடியாது என்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம், இப்போது ஒன்றும் தர வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போதெல்லாம் அதில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும், சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாசத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. 2004இல் இதை வெளியிட்டார்கள். தேலருக்கு 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நிறுவனம் எதுவும் ஏற்பாடு செய்து தர வேண்டியதில்லை. சம்பள உயர்வுக் கடிதம் வந்த அன்றே, கூடின தொகையில் பாதியைத் தானியங்கிப் பரிமாற்றத்தில் போட்டுவிடுங்கள். ஒரு தடவை அந்தப் பணம் அன்றாடச் செலவில் கலந்துவிட்டால், அடுத்த மாசமே அது இல்லாமல் வாழ முடியாது என்று தோன்றும்.

கார்டிலும் போனிலும் கட்டுவதால் கை நீளுகிறதா?

நீளுகிறது. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கூடைப்பந்தாட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இன்னொரு பிரிவினர் கடன் அட்டையில் கட்டலாம். அட்டைக்காரர்கள் ரொக்கக்காரர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். டிக்கெட் அதேதான்.

தாளை எண்ணிக் கொடுக்கும்போது பணம் கையை விட்டுப் போவது தெரிகிறது. போனை நீட்டும்போது தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் ரொக்கத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன், அது நடக்கிற காரியமில்லை. எந்தச் செலவில் கட்டுப்பாடு இல்லையோ, வெளிச்சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம், அதற்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தொகையை உறையில் போட்டு வையுங்கள். அல்லது அதற்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்து, போனில் அதை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். இணையக் கடைகளில் அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அட்டையை எடுத்து 16 இலக்கத்தைத் தட்ட வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

கடையில் காபி குடிப்பதை நிறுத்தினாலே நிறையச் சேரும் என்கிறார்களே?

அந்தக் காபி உங்கள் நாளில் இருக்கும் ஒரே சந்தோஷமாக இருந்தால் குடியுங்கள். ஒவ்வொரு நாளும் மனசைக் கட்டி மிச்சம் பிடிப்பது நீடிக்காது. பத்தாவது நாள் வெறுத்துப்போய் மொத்தத்தையும் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

ஒரு தடவை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறையும் செலவுகளில் முதலில் கைவையுங்கள். வீட்டு வாடகை, வண்டி, காப்பீடு, போன் மற்றும் இணையத் திட்டம், கடன் வட்டி. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேரம் பேசி உயர்வைக் கொஞ்சம் குறைத்தால், அது பன்னிரண்டு மாசமும் உங்களுக்காக உழைக்கும். போன் திட்டத்தில் மாசம் எவ்வளவு டேட்டா உண்மையில் பயன்படுத்துகிறீர்கள் என்று செட்டிங்ஸில் பாருங்கள். வாங்குவதில் பாதியைக்கூடத் தொடாதவர்கள் நிறையப் பேர். இரண்டாவது வண்டி தேவையா என்ற கேள்வி ஆயிரம் காபிக்குச் சமம்.

மளிகைச் செலவை எப்படிக் குறைப்பது?

பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம், வகுத்துப் பார்த்தால் சில சமயம் சின்னதுதான் லாபம். விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பதும் நடக்கிறது. ஒரு கிலோ இருந்த பாக்கெட் அதே விலையில் 900 கிராம் ஆனால், விலை 11 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட்டின் அகலமும் உயரமும் அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் எடையைப் படித்தால்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் குப்பையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு, தூக்கிப் போடும் சாப்பாட்டுப் பொருள் ஒவ்வொன்றையும் ஃபிரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் மூன்று தடவை ஒரே கீரை, இரண்டு தடவை பாதி ரொட்டி, மூடியைத் திறந்து மறந்துபோன சாஸ் பாட்டில் என்று வந்தது. திட்டுவதற்கு யாரும் தேவைப்படவில்லை, அந்தத் தாளே சொல்லிவிட்டது. அதிலிருந்து கீரையைச் சமைக்கும் நாளில்தான் வாங்குகிறோம். முதலில் கெட்டுப்போகிறதை ஃபிரிஜில் கண்ணுக்கு நேராக வையுங்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுங்கள், வயிறு நிறைந்த பிறகு கடைக்குப் போங்கள்.

தள்ளுபடியில் வாங்குவது லாபம்தானே?

வாங்குவதாக முன்பே எழுதி வைத்திருந்த பொருள் என்றால் லாபம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றையும் பயன்படுத்தினால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10 சதவீதம் என்றால் மொத்தம் 30 இல்லை, 28. "50 சதவீதம் கூடுதல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் 33 சதவீதத் தள்ளுபடியும் ஒன்றுதான்.

மின்சாரக் கட்டணத்தில் எங்கே பார்க்க வேண்டும்?

சூடாக்குவது, குளிர்விப்பது, இந்த இரண்டில். பதினைந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ அரை யூனிட் போகும். அதே அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பை 55 மணி நேரம் எரிக்கலாம். ஹாலில் லைட் எரிகிறதே என்று பிள்ளைகளைத் துரத்தும் நேரத்தில் வாட்டர் ஹீட்டரையும் ஏசியையும் கவனிப்பது நல்லது.

பழைய குண்டு பல்பு இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள், எல்இடிக்கு அதில் கால்வாசி மின்சாரம்கூடத் தேவைப்படாது. ரிமோட்டில் மட்டும் அணைத்து வைக்கும் கருவி ஒன்று 5 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் வருஷத்துக்கு 44 யூனிட். பெரிய தொகை இல்லை, ஆனால் சுவிட்சை அணைக்க ஒரு விநாடிதான் ஆகிறது.

சந்தாக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கி அறிக்கையை அச்செடுத்து, மாதாமாதம் ஒரே தொகை போகும் வரிகளை மஞ்சள் பேனாவால் அடித்துக்கொண்டே வாருங்கள். நான் செய்தபோது ஒரு வரியின் பெயரே புரியவில்லை. தேடிப் பார்த்தால், மகள் ஒரு தேர்வுக்காக ஒரு வாரம் இலவசமாகப் பயன்படுத்திய செயலி. இலவசம் முடிந்த மறுநாளிலிருந்து பதினான்கு மாசம் பணம் போயிருக்கிறது. இப்போதெல்லாம் இலவசச் சோதனைக்குப் பதிவு செய்த கையோடு, முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன். வருஷச் சந்தாக்கள் மாச அறிக்கையில் சிக்காது, அவற்றை அந்த அகலப் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

தவணையில் வாங்குவது தவறா?

வட்டியைச் சரியாகப் புரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை. புரியாதபடி சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

"வருஷத்துக்கு 10 சதவீத நிலையான வட்டி" (ஃபிளாட் ரேட்) என்று 12,000 கடன் வாங்குகிறீர்கள். வட்டி 1,200. மொத்தம் 13,200, மாசம் 1,100 வீதம் பன்னிரண்டு தவணை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? ஆறாவது மாச முடிவில் உங்களிடம் ஏறக்குறைய பாதிக் கடன்தான் இருக்கிறது. வட்டியோ முழு 12,000க்கும் பிடித்தாயிற்று. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம். கடன் வாங்கும் இடத்தில் "குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால், முழுப் பணம் ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று கேளுங்கள். ரொக்க விலை குறைவாக இருந்தால் அந்த வித்தியாசமும் செயலாக்கக் கட்டணமும்தான் வட்டி.

கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். பரவாயில்லையா?

தயவுசெய்து வேண்டாம். மாச வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றுமே வாங்காமல், ஒழுங்காக அந்த 5 சதவீதத்தையே கட்டி வந்தாலும் பாக்கி பாதியாகக் குறைய 32 மாசம் ஆகும். ஒன்றுமே கட்டாவிட்டால் அதே கடன் இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும், அபராதம் சேர்க்காமலே. எழுபத்திரண்டை வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை காலத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494இலேயே எழுதி வைத்த கணக்கு இது. 72ஐ 3ஆல் வகுத்தால் 24 மாசம்.

கடனை முதலில் அடைப்பதா, சேமிப்பதா?

சின்னதாக ஒரு தொகையை, ஒரு மாசச் செலவில் பாதியாவது, முதலில் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் குழாய் உடைந்தாலும் மறுபடியும் அட்டையைத்தான் எடுப்பீர்கள். அதற்குப் பிறகு கைக்கு வருகிற எல்லாம் அதிக வட்டிக் கடனுக்கே போகட்டும். சேமிப்புக் கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு வட்டிக்குக் கடனும் வைத்திருப்பது ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றுவது. சின்னச் சின்னக் கடன்கள் ஏழெட்டு இருந்தால், அவற்றில் மிகச் சின்ன ஒன்றிரண்டை முதலில் தீர்த்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கணக்கில் கொஞ்சம் நஷ்டம், ஆனால் மனசுக்குத் தெம்பு வரும்.

அவசரத்துக்கு எவ்வளவு கையிருப்பு வேண்டும்?

வேலை போனால் தாங்கும் அளவுக்கு, மூன்று முதல் ஆறு மாச அத்தியாவசியச் செலவு. சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம், செலவை வைத்து. வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்றால் ஆறு மாசத்துக்கு மேலே போவது நல்லது. வருஷச் செலவுக்கு எடுத்து வைக்கும் பணம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் பள்ளிக் கட்டணம் அவசரப் பணத்தைத் தின்றுவிடும்.

எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு மாசம் நிறைய வரும், ஒரு மாசம் கொஞ்சம்தான் வரும். என்ன செய்வது?

கடந்த ஒரு வருஷத்தில் ஆகக் குறைவாக வந்த இரண்டு மூன்று மாசங்களைப் பாருங்கள். அதை வைத்து உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். வருகிற பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாசம் ஒரே தேதியில் அந்தச் சம்பளம் மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். நல்ல மாசத்தில் கைக்கு வந்ததைக் கண்டு புதுத் தவணை எதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். வருமான வரி கட்ட வேண்டியிருந்தால் அந்தப் பங்கைப் பணம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் கணவன் மனைவிக்குள் செலவு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. எப்படிப் பேசுவது?

வாங்கிக்கொண்டு வந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேசாதீர்கள். மாசத்தில் ஒரு நாள், சம்பளத்துக்கு முந்தின ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, அந்த அகலப் பக்கத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துப் பேசுங்கள். அப்போது "நீ ஏன் இதை வாங்கினாய்?" என்ற பேச்சு குறைந்து "அடுத்த மாசம் எது வருகிறது?" என்ற பேச்சு வரும்.

இன்னொன்று, இருவருக்கும் கேள்வி கேட்கப்படாத ஒரு தொகை வேண்டும். அளவு சிறிதாக இருக்கட்டும், இருவருக்கும் சமமாக இருக்கட்டும், சம்பாதிப்பவர் ஒருவராக இருந்தாலும். அந்தக் காலத்துப் பெண்கள் டப்பாவுக்குள் சிறுவாடு சேர்த்தது அது இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லாத வீட்டில் கணக்கு தானாக நேராகும்.

நெருங்கிய சொந்தக்காரர் கடன் கேட்டால்?

திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையைக் கொடுங்கள், கொடுத்ததுமே செலவில் எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் வரவில் எழுதலாம். அதற்கு மேல் கேட்டால் "இப்போது முடியவில்லை அண்ணா" என்று அன்றே சொல்லிவிடுங்கள். இழுத்தடிப்பதுதான் இருவரையும் புண்படுத்துகிறது.

எதைக் குறைத்தாலும் வருமானம் போதவில்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?

ஒன்றும் தப்பு செய்யவில்லை. வாடகையும் சாப்பாடும் மருந்தும் சேர்ந்தே வருமானத்தைத் தாண்டினால் எந்தக் கணக்கு நோட்டாலும் அதை அடைக்க முடியாது. சிக்கனத்துக்கு ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே தோண்டினால் உடம்புதான் கெடும். சாப்பாட்டையும் மருந்தையும் குறைக்காதீர்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், காலத்தை நீட்டித் தருவது பல இடங்களில் நடக்கிறது. தவறின பிறகு பேசினால் அபராதமும் சேர்ந்துவிடும். அரசு உதவி, கல்விக் கட்டணச் சலுகை, மருத்துவ உதவி எதற்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம். அப்போதும் கணக்கு எழுதுங்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கப் போகும்போதோ வேறு வேலையை எடைபோடும்போதோ, "எனக்கு மாசம் இவ்வளவு வேண்டும்" என்று ஓர் எண்ணைச் சொல்ல அது உதவும்.

இதையெல்லாம் செய்தால் எவ்வளவு நாளில் வித்தியாசம் தெரியும்?

முதல் மூன்று மாசம் ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் முன்னைவிட இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் நடப்பு மாசத்தையும் ஓட்டிக்கொண்டு, வரப்போகும் செலவுக்கும் எடுத்து வைக்கிறீர்கள். நாலைந்து மாசத்தில் முதல் சின்னச் செலவு ஒன்று அந்தத் தனிக் கணக்கிலிருந்தே தீரும். முழுச் சுற்று வர ஒரு வருஷம் பிடிக்கும்.

எனக்குப் பதினான்காவது மாசத்தில் தெரிந்தது. பிரீமியம் நோட்டீஸ் வந்திருந்தது. கவரைப் பிரித்துத் தொகையைப் பார்த்தேன். தனிக் கணக்கில் அந்தத் தொகையும் அதற்கு மேல் கொஞ்சமும் இருந்தது. போனிலேயே கட்டினேன், இரண்டு நிமிஷம் ஆயிற்று. நோட்டை எடுத்து அந்த மாசத்துக் கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். வீட்டில் யாருக்கும் அன்று பிரீமியம் கட்டினது தெரியாது.